பனி மூடிய எரிமலையின் அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு வெள்ள ஆபத்து பற்றி உண்மையில் தெரியுமா?

நீங்கள் ஐஸ்லாந்தின் தென்கரைக்கு வேலைக்கோ சுற்றுலாவுக்கோ கிளம்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டே இதை எழுதுகிறேன். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்பவர்களுக்கு இந்த ஆபத்து நன்றாகவே தெரியும். அங்கே வேலை பார்த்த எனக்குத் தெரியாமல் இருந்தது. இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியாததற்கு அதுவே காரணம்.

வீக் என்ற கடலோரச் சிற்றூரில், ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் இரண்டு கோடைக்காலங்கள் பணியாற்றினேன். ஊருக்கு வடக்கே மிர்டால்ஸ்யோகுல் பனிப்பாறை இருக்கிறது. அதன் அடியில், சில நூறு மீட்டர் பனிக்குக் கீழே, கட்லா எரிமலை இருக்கிறது. முதல் கோடையில் ஒரு மாலை, கிழக்கேயுள்ள மூலாக்விஸ்ல் ஆற்றுப் பாலத்தருகே வண்டியை நிறுத்திப் படம் எடுத்துவந்த ஒரு குடும்பத்தினர், ஆற்றில் அழுகிய முட்டை நாற்றம் வீசுவதாகவும் நீர் கறுத்துப் பெருகி ஓடுவதாகவும் சொல்லி, இது வழக்கம்தானா என்று கேட்டார்கள். அந்நாட்டில் பல இடங்களில் குழாயில் வரும் வெந்நீரிலேயே கந்தக வாடை உண்டு என்பதால், நான் சிறிதும் யோசிக்காமல் வழக்கம்தான் என்றேன். மறுநாள் காலை குழந்தைகளை ஆற்றங்கரைக்கே அழைத்துச் செல்லலாமா என்று கேட்டதற்கும், வரைபடத்தில் இடத்தைக் குறித்துக் கொடுத்தேன்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த, காலை உணவுக்கூடத்தில் பணிபுரிந்த உள்ளூர் மூதாட்டி ஒருவர் கையிலிருந்த தட்டுகளை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போய், ஆற்றுப் பக்கம் போகவே கூடாது என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தார். பிறகு என்னை உட்கார வைத்து விளக்கினார். எரிமலையின் வெப்பத்தால் பனிக்கடியில் உருகித் தேங்கும் நீர் ஒரு கட்டத்தில் பனியைத் தூக்கி வழி உண்டாக்கிக்கொண்டு வெளியேறும். எரிமலை வெடிக்காமலேயே அது நடக்கலாம். அந்த நீரோடு வரும் கந்தக வாயு ஆற்றோரத் தாழ்வுகளில் தங்கி மூச்சையே பாதிக்கும். ஆற்று நீரின் மின்கடத்துதிறன் (பனிக்கடி நீர் ஆற்றில் கலப்பதன் அறிகுறி அது) உயர்ந்திருக்கிறது, கரையில் நிற்காதீர்கள் என்று வானிலை அலுவலகம் அன்று பிற்பகலே அறிவித்திருந்தது. எங்கள் மேசையில் அதை யாரும் பார்த்திருக்கவில்லை.

அன்றைய வெள்ளம் சிறியதாகவே அடங்கிவிட்டது. யாருக்கும் எதுவும் நேரவில்லை. நேராத ஒன்றுக்காக ஏன் இத்தனை கலக்கம் என்று சிலர் கேட்கக்கூடும். அதே ஆற்றின் பாலத்தை, 2011 ஜூலை 9 அன்று, சுற்றுலாப் பருவத்தின் உச்சத்தில், பனிக்கடியிலிருந்து வந்த வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. 1918 அக்டோபர் 12 அன்று கட்லா வெடித்தபோது, வீக்குக்குக் கிழக்கே மணல்வெளியை ஒட்டிய ஆல்ஃப்டாவெர் பகுதியில் ஆடுகளைத் திரட்டிக்கொண்டிருந்தவர்கள் குதிரைகளில் விரைந்துதான் உயிர் தப்பினார்கள். இன்று அதே மணல்வெளியின் குறுக்கே நாட்டின் வட்டச்சாலை செல்கிறது. அதில் செல்லும் வெளிநாட்டவர் பலருக்குத் தாங்கள் வெள்ளத்தின் பாதையில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதே தெரியாது.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. வேலையில் சேர்ந்தபோது முன்பதிவு மென்பொருளைக் கற்றுக்கொடுக்க இரண்டு முழு நாட்கள் ஒதுக்கினார்கள்; கட்லாவைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அந்த ஆபத்தைப் பற்றிய துண்டுப்பிரசுரங்கள் மேசையின் அடியறையில் கட்டுக் கட்டாக இருந்தன. அபாய வேளையில் விருந்தினர் முதலில் கேட்பது வரவேற்பில் நிற்பவரிடம்தான். அங்கே பெரும்பாலும் நிற்பவரோ சில வாரங்களுக்கு முன்பு வந்திறங்கிய என்னைப் போன்ற ஒருவர்.

ஐஸ்லாந்தைக் குறை சொல்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். 2010 ஏப்ரலில் கட்லாவுக்கு அருகிலுள்ள எய்யாஃப்யாட்லயோகுல் எரிமலை வெடித்தபோது ஏறக்குறைய 800 பேரை விரைவாக வெளியேற்றினார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. அந்த ஒழுங்குக்குப் பின்னால் 2006 மார்ச்சில் நடந்த வெளியேற்றப் பயிற்சியும் இருந்தது. ஆனால் அத்தகைய திட்டங்களைப் பற்றி, எங்களை வெளியேற்றும் வழியே வெள்ளத்தின் பாதையில்தானே இருக்கிறது என்று ஆல்ஃப்டாவெர் மக்கள் கேட்டார்கள். முன்னோர் எந்த மேட்டில் தப்பினார்கள் என்று அறிந்தவர்களின் கேள்வி அது. விழிப்புணர்வு என்றாலே அதிகாரிகள் சொல்ல மக்கள் கேட்பது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வரைபடம் வெளியிட்டால் போதும் என்போருக்கு ஆர்மெரோ என்ற ஊரைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. கொலம்பியாவின் நெவாடோ டெல் ருயிஸ் எரிமலையால் எந்தெந்த இடங்கள் சேற்றில் மூழ்கும் என்ற வரைபடம் 1985 அக்டோபரிலேயே தயாராக இருந்தது. ஆர்மெரோவும் அதில் இருந்தது. 1845இல் அதே இடத்தைச் சேற்றுவெள்ளம் மூடியிருந்தது என்பதும் பதிவில் இருந்தது. நவம்பர் 13 இரவு எரிமலை வெடித்து மலையுச்சிப் பனியில் ஒரு சிறு பங்கை மட்டுமே உருக்கியது. அந்தச் சேறு ஊரை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மேட்டுநிலத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய அவ்வளவு நேரமும், ‘புறப்படுங்கள்’ என்ற சொல் மக்களிடம் உரிய வேளையில் போய்ச் சேராததால் வீணானது; 20,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அமெரிக்காவின் ரெய்னியர் எரிமலையின் அடிவாரத்தில் உள்ள ஆர்டிங் ஊரில், பள்ளிப் பிள்ளைகள் மேட்டுநிலத்துக்கு நடந்தே போய்ப் பழகுகிறார்கள். வழி காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

வீக்கில் மக்கள் கூடவேண்டிய இடம் குன்றின் மேலுள்ள தேவாலயம். இரண்டாவது கோடையில், புதிதாக வேலைக்கு வந்த ஒவ்வொருவரையும் முதல் நாளே விடுதி வாசலிலிருந்து அங்கே நடத்திக் கூட்டிச் சென்றேன். ஒருமுறை பகலில், ஒருமுறை பெட்டியும் பையும் இல்லாமல் வேகமாக. நீங்கள் அங்கே போனால், அறைச் சாவியை வாங்கும்போதே அந்த வழியைக் கேளுங்கள். மேசையில் நிற்பவருக்குத் தெரியவில்லை என்றால், உணவுக்கூடத்தில் உள்ளூர்க்காரர் யாராவது இருப்பார், அவரிடம் கேளுங்கள்.