ஐ.சி.யு. நர்ஸ் எம்.எஸ்சி. படிக்கலாமா? எந்தப் பிரிவு?

வகுப்பறையா, வார்டா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 2 ஆண்டு எம்.எஸ்சி. நர்சிங் முக்கியமாகக் கல்லூரி ஆசிரியர் வேலைக்கான படிப்பு. முடித்துவிட்டு வார்டுக்கே திரும்பினால் பல தனியார் மருத்துவமனைகளில் சம்பளம் பெரிதாக ஏறாது.

இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பி.எஸ்சி.யில் 55% மதிப்பெண்ணும் ஓராண்டு அனுபவமும் வேண்டும். அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் இருக்கட்டும். 'பணிபுரிந்தார்' என்று மொட்டையாக இருந்தால் சேர்க்கையின்போது அலைய வேண்டிவரும்.

ஐ.சி.யு.வை விட மனமில்லையா? எம்.எஸ்சி.யின் மெடிக்கல் சர்ஜிக்கல் (மருத்துவ, அறுவை சிகிச்சை நர்சிங்) பிரிவைவிட, தீவிர சிகிச்சைக்கான கிரிட்டிகல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு பொருத்தம். அதுவும் 2 ஆண்டுதான். பெரும்பகுதி நோயாளி அருகிலேயே பயிற்சி. ஆனால் அந்தப் பெயரில் பணியிடம் வைத்திருக்கும் மருத்துவமனைகள் குறைவு, விசாரித்துவிட்டுச் சேருங்கள். அமெரிக்காதான் குறி என்றால் அங்கே நர்ஸ் உரிமம் பெறுவதற்கான என்கிளெக்ஸ் தேர்வு எழுத பி.எஸ்சி.யே போதும்.