கணினி கேள்வி – பதில்: டிபக்கருக்குத் தெரியாத ரெஜிஸ்டர்

கேள்வி: ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டிரம்களின் மோட்டாருக்குக் கட்டுப்பாட்டு போர்டு தயாரிக்கும் சிறு நிறுவனத்தில் பணிபுரிகிறேன். எங்கள் 32 பிட் ரிஸ்க்-ஃபைவ் (திறந்த கட்டளைத் தொகுப்பு) சிப்பில், தயாரிப்பாளர் தாமாகச் சேர்த்த ரெஜிஸ்டர் (சிப்புக்குள் ஒரு மதிப்பை வைக்கும் சிறு இடம்) ஒன்று உள்ளது. அதன் எண் 1984. மோட்டார் நின்றதற்கான காரணம் அதில்தான் பதிவாகிறது. சிப்புடன் பேசும் ஓப்பன்ஓசிடி மென்பொருள் வழியாக, நிரலில் பிழை தேட உதவும் டிபக்கரான ஜிடிபியை இணைத்தால் இது மட்டும் தெரிவதில்லை. ஜிடிபியின் மூலநிரலைத் திருத்த வேண்டுமா?
– ஒரு வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: வேண்டியதில்லை. மூலநிரலில் கை வைத்தால், ஜிடிபியின் ஒவ்வொரு புதிய பதிப்பிலும் அதே திருத்தத்தை நீங்களே மறுபடி செய்ய வேண்டியிருக்கும். உங்கள் போர்டை வாங்கிய ஆலையின் பொறியாளரோ, தம் மடிக்கணினியில் உள்ள சாதாரண ஜிடிபியைக் கொண்டு அந்த ரெஜிஸ்டரைப் பார்க்கவே முடியாது. சிப்பில் என்ன இருக்கிறது என்பதை அறிந்தது அதனுடன் நேரடியாகப் பேசி, ஜிடிபிக்குப் பதில் தரும் இடை நிரலான ஸ்டப். உங்கள் அமைப்பில் அது ஓப்பன்ஓசிடி. ஆகவே, அதைத்தான் பேச வைக்க வேண்டும்.

ரிஸ்க்-ஃபைவ் வரையறையில் கட்டுப்பாட்டு, நிலை ரெஜிஸ்டர்களுக்கு (சுருக்கமாக சிஎஸ்ஆர்) 4096 எண்கள் உண்டு. அவற்றில் 1984 முதல் 2047 வரையிலானவை மெஷின் நிலையில் (சிப்பின் மிக உயர்ந்த அதிகார நிலை) தயாரிப்பாளர்களின் சொந்தப் பயன்பாட்டுக்கு விடப்பட்டவை. அந்த எண்ணில் ஒருவர் கடிகாரத்தை வைக்கலாம், மற்றொருவர் கேஷ் கட்டுப்பாட்டை வைக்கலாம் என்பதால், யாரும் சொல்லாமல் ஜிடிபியால் அதை ஊகிக்க இயலாது. இணைப்பு ஏற்பட்டவுடன் ஜிடிபி ‘டார்கெட் டிஸ்கிரிப்ஷன்’ என்னும் எக்ஸ்எம்எல் விவரத்தைக் கேட்கிறது. ஒவ்வொரு ரெஜிஸ்டரின் பெயர், பிட் அளவு, எண், வகை, குழு ஆகியவற்றை ஸ்டப் அதில் எழுதி அனுப்புகிறது. ஓப்பன்ஓசிடியின் கான்ஃபிக் கோப்பில் ‘ரிஸ்க்வி எக்ஸ்போஸ்_சிஎஸ்ஆர்ஸ்’ கட்டளையைச் சேர்த்து, 1984-க்குப் பக்கத்தில் சமக்குறியிட்டு நீங்கள் விரும்பும் பெயரை எழுதினால், அந்த விவரத்தில் இந்த ரெஜிஸ்டரும் இடம்பெற்றுவிடும். பெயருக்கு முன்னால் ‘சிஎஸ்ஆர்_’ என்ற ஒட்டு தானாகச் சேரும். ஜிடிபியில் அந்த முழுப்பெயரால்தான் கேட்க வேண்டும்.

நாளை நீங்களே ஒரு ஸ்டப் எழுத நேர்ந்தால் கூடுதல் கவனம் தேவை. புதிய ரெஜிஸ்டரை மட்டும் எழுதி அனுப்பினால் ஜிடிபி அந்த விவரத்தை ஏற்காது; எக்ஸ்0 முதல் எக்ஸ்31 வரையிலான பொது ரெஜிஸ்டர்களும், இயங்க வேண்டிய கட்டளையின் முகவரியைக் காட்டும் பிசியும் அடங்கிய அடிப்படைத் தொகுதி கட்டாயம் இருக்க வேண்டும். விவரத்தில் தரும் எண்ணும் சிப் கையேட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. அது ஜிடிபிக்கும் ஸ்டப்புக்கும் இடையிலான ஏற்பாடு மட்டுமே. ஓப்பன்ஓசிடியில் 0 முதல் 64 வரை பொது ரெஜிஸ்டர்கள், பிசி, மிதவைப் புள்ளி ரெஜிஸ்டர்கள் ஆகியவற்றுக்குப் போய்விடுவதால், உங்கள் 1984 அங்கே 2049 ஆகிறது. எல்லா மதிப்புகளையும் ஒரே மூச்சில் அனுப்பும் ‘ஜி’ பாக்கெட்டில் இந்த எண்களின் ஏறுவரிசைதான் வரிசை. அதில் பிசிக்கு முன்னால் வரும் 32 பிட் ரெஜிஸ்டர் ஒன்றை 64 பிட் என்று விவரத்தில் எழுதிவிட்டால், ஜிடிபி எட்டு ஹெக்ஸ் இலக்கங்களுக்குப் பதிலாகப் பதினாறை எடுத்துக்கொள்ளும்; அதற்குப் பின்னால் வருபவை அனைத்தும் இடம் நழுவி, பிசியில் பொருளற்ற முகவரி தெரியும். அப்படி ஒன்றைக் கண்டால் நிரலைச் சந்தேகிப்பதற்கு முன்பு பிட் அளவுகளைச் சரிபாருங்கள்.

வகையை எழுதுவதில் சோம்பல் கூடாது என்பது என் உறுதியான கருத்து. உங்கள் ரெஜிஸ்டரில் பிட் 0 மிகை மின்னோட்டம், பிட் 2 மிகை வெப்பம் என்று வைத்துக்கொள்வோம். வெறும் எண்ணாக விட்டால் திரையில் 5 என்று வரும். ஒவ்வொரு பிட்டுக்கும் பெயர் தரும் ‘ஃபிளாக்ஸ்’ வகையாக வரையறுத்தால் இரண்டு காரணங்களும் பெயரோடு வரும். பழுது பார்க்க வந்தவர் இரவு நேரத்தில் கையேட்டைப் புரட்ட வேண்டிய அவசியம் இராது.

சில ரெஜிஸ்டர்கள் படித்தவுடன் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும். உங்களுடையது அத்தகையதா என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆம் எனில், எல்லா ரெஜிஸ்டர்களையும் காட்டும்படி ஜிடிபியிடம் கேட்ட மறுகணமே பழுதின் தடயம் போய்விடும். மேலும், ஜிடிபியிலிருந்து நிரலின் ஒரு ஃபங்ஷனை அழைக்கும்போது, ரெஜிஸ்டர்களின் பழைய மதிப்பை அது சேமித்துத் திரும்ப எழுதுவது வழக்கம். எழுதினாலே ஏதேனும் செயலைத் தூண்டும் ரெஜிஸ்டராக இருந்தால், விவரத்தில் ‘சேவ்-ரீஸ்டோர்’ என்ற பண்புக்கு ‘நோ’ என்று கொடுப்பது இன்றியமையாதது.

கேள்வி: நிரலை நிறுத்திவிட்டு, ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு கவுன்டர் ரெஜிஸ்டரைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலும் அதே எண் வருகிறதே?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: ஒருமுறை படித்த மதிப்பை, நிரல் மீண்டும் ஓடும் வரை ஜிடிபி தன்னிடமே வைத்துக்கொள்கிறது. ‘மெயின்டனன்ஸ் ஃபிளஷ் ரெஜிஸ்டர்-கேஷ்’ என்று கொடுத்தால் மறுபடி கேட்டு வாங்கும். பழைய பதிப்புகளில் இதே வேலைக்கு ‘ஃபிளஷ்ரெக்ஸ்’. அதன் பிறகும் எண் மாறவில்லையெனில், ஸ்டப்பும் பழைய மதிப்பைச் சேமித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: 1984 போன்ற ரெஜிஸ்டரை, லினக்ஸ் ஓடும் ரிஸ்க்-ஃபைவ் போர்டில் ஜிடிபியை இயக்கிப் பார்க்க முடியுமா?
– ஒரு மாணவர், காட்பாடி

பதில்: நேரடியாக முடியாது. அங்கே ஜிடிபி, பிட்ரேஸ் என்ற அழைப்பு வழியாகக் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) தருவதை மட்டுமே காணும். அந்த எண்ணோ மெஷின் நிலைக்கு உரியது. அதற்குக் கீழான சூப்பர்வைசர் நிலையில் ஓடும் கெர்னலே அதைப் படிக்க முயன்றால், செல்லாத கட்டளை என்ற எக்செப்ஷன்தான் எழும். சிப்பைச் சோதிக்க உதவும் ஜேடேக் இணைப்பில் பார்க்கலாம். அல்லது மெஷின் நிலையில் ஓடும் ஓப்பன்எஸ்பிஐ போன்ற ஃபர்ம்வேரில் அதைப் படித்துத் தரும் அழைப்பு ஒன்றைச் சேர்க்க வேண்டும்.