கர்லிங்கில் கடைசிக் கல்லை வேண்டுமென்றே வெளியே விட்டது ஃபிக்ஸிங்கா?

கேள்வி: பனித்தரையில் கல்லை வழுக்கி விட்டு வட்டத்தின் நடுவில் நிறுத்தும் கர்லிங்கில், ஆண்கள் தொழில்முறை ஆட்டம் ஒன்று பார்த்தேன். 7வது எண்டு, ஸ்கோர் சமம், வட்டத்துக்குள் ஒரு கல்கூட இல்லை. கடைசிக் கல் வைத்திருந்த அணி அதை நடுவில் நிறுத்தி ஒரு புள்ளி எடுக்காமல், பின்பக்கம் போகும்படி வேகமாக விட்டது. இது ஃபிக்ஸிங்தானே? கடைசி எண்டு முடியும் முன்பே கைகுலுக்கிக் கிளம்பியது ஏன்?

ஃபிக்ஸிங் இல்லை. அந்த இடத்தில் ஆட வேண்டிய கல்லைத்தான் ஆடியிருக்கிறார்கள். அந்த ஒரு புள்ளியை எடுத்திருந்தால்தான் பயிற்சியாளர் தலையில் கைவைத்திருப்பார்.

7வதில் இது நடந்தது என்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் பார்த்தது எட்டு எண்டு, அதாவது எட்டுச் சுற்று, ஆடும் கிராண்ட் ஸ்லாம் வகைத் தொடராக இருக்க வேண்டும். கனடாவின் ஆண்கள் தேசியப் போட்டியான பிரையர், உலக சாம்பியன்ஷிப், ஒலிம்பிக் எல்லாம் பத்து எண்டு. அங்கே இதே காட்சி 9வதில் வரும்.

ஓர் எண்டில் இரண்டு அணிகளும் மாறி மாறி எட்டெட்டுக் கல் விடும், ஆளுக்கு இரண்டு. பதினாறும் முடிந்ததும் நடுப்புள்ளிக்கு மிக அருகில் யாருடைய கல் இருக்கிறதோ அந்த அணிக்கு மட்டுமே புள்ளி. எதிரணியின் நெருங்கிய கல்லைத் தாண்டி உள்ளே எத்தனை கல் வைத்திருக்கிறார்களோ, அத்தனை புள்ளி. பதினாறாவது கல்லைத்தான் ஹாமர் என்கிறார்கள். புள்ளி எடுத்த அணி அடுத்த எண்டில் ஹாமரை எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும். யாருமே எடுக்காவிட்டால், அதாவது எண்டு பிளாங்க் ஆனால், ஹாமர் இருந்த கையிலேயே இருக்கும்.

இப்போது கணக்குப் போடுங்கள். 5–5, 7வது எண்டு, ஹாமர் உங்களுடையது. ஒன்று எடுத்தால் 6–5. ஆனால் 8வதில் கடைசிக் கல் எதிரணிக்கு. அவர்கள் இரண்டு எடுத்தால் ஆட்டம் போச்சு. எடுக்காமல் விட்டால் 8வது எண்டு 5–5ல் தொடங்கும், கடைசிக் கல் உங்களிடம், ஒரே ஒரு புள்ளி போதும். எதிரணி ஜெயிக்க வேண்டுமானால் உங்கள் ஹாமரையும் மீறிப் புள்ளியைத் திருட வேண்டும். முன்னணி ஆண்கள் அணிகள் அநேகமாக இந்த இரண்டாவது வழியைத்தான் எடுக்கும். ‘கையில் இருப்பதை விடலாமா’ என்று கமெண்டில் கேட்க வருபவர்களுக்கு: பனியின் தரம் படுமோசமாக இருந்து எந்தக் கல் எங்கே நிற்கும் என்றே தெரியாத அரங்கில் நீங்கள் சொல்வதை யோசிக்கலாம். நல்ல பனியில் வேண்டாம். கலப்பு இரட்டையரிலும் இந்த வித்தை செல்லாது, அங்கே எண்டு பிளாங்க் ஆனால் கடைசிக் கல்லின் அனுகூலம் எதிரணிக்குப் போய்விடும்.

வட்டம் காலியாக இருந்ததால் உங்களுக்கு அது சும்மா விட்டது போலத் தெரிந்திருக்கிறது. உள்ளே எதிரணியின் கல் ஒன்று இருந்தால் பிளாங்க் செய்வது சுலபமில்லை. அதை அடித்து வெளியேற்ற வேண்டும், அடித்த கல்லும் உருண்டு வெளியே போக வேண்டும். நேர் மூக்கில் பட்டால் வேகம் முழுவதும் எதிரணிக் கல்லுக்குப் போய், அடித்த கல் அங்கேயே நின்றுவிடும். கேரமில் ஒரு காய் இன்னொரு காயை நேராக அடித்துவிட்டு அப்படியே நிற்பதைப் போல. அப்போது வேண்டாத ஒரு புள்ளி தலையில் விழும், ஹாமரும் போகும். அதனால் ஓரத்தில் இருக்கும் கல்லின் வெளிப்பக்கத்தில் பாதிக்கும் குறைவாகப் படும்படி, வேகமாக விடுவார்கள். மிக மெல்லிசாக ஆடப்போய்த் தொடாமலே போனால் எதிரணிக்கு இலவசப் புள்ளி. அடித்த கல் வெளி வளையத்தின் விளிம்பை ஒரு நூல் தொட்டு நின்றாலும் அது உள்ளே இருப்பதாகவே கணக்கு. சந்தேகம் வந்தால் நடுவில் ஊன்றிச் சுற்றும் 6 அடி அளவுகோலை எடுப்பார்கள், வட்டத்தின் ஆரமே 6 அடிதான்.

ஒரு புள்ளி முன்னிலை ஏன் இவ்வளவு பலவீனம்? முன்பு அப்படி இல்லை. முன்னிலை பெற்ற அணி, வட்டத்துக்கு முன்னால் மறைப்பாக எதிரணி வைக்கும் காவல் கற்களை ஒவ்வொன்றாக அடித்துத் தள்ளி ஆட்டத்தையே உறைய வைத்துவிடும். 1989 பிரையர் இறுதியாட்டம், சஸ்கட்டூனில், பாட் ரையன் அணி 3–2 என்று ஜெயித்தது. அரங்கமே ‘போரிங், போரிங்’ என்று கத்தியது. மறுவருடம் மாங்டன் நகரத்தில் நடந்த பரிசுப்பணத் தொடரில், கனடா வீரர் ரஸ் ஹோவர்ட் பயிற்சிக்காக வைத்திருந்த முறையை விதியாக்கிப் பார்த்தார்கள். முதல் சில கற்களை அடித்து வெளியேற்றக் கூடாது என்பது அங்கிருந்து வளர்ந்ததுதான். இன்று அது ஐந்து கல். வட்டத்துக்கு முன்னால் குறுக்கே போகும் ஹாக் கோட்டுக்கும், வட்டத்தின் நடுவே குறுக்கே போகும் நடுக் கோட்டுக்கும் இடையில், வட்டத்துக்கு வெளியே நிற்கும் எதிரணிக் கல்லை முதல் ஐந்து கல் வரை வெளியேற்றினால், எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பும், விட்ட கல் எடுக்கப்படும். ஐந்தாவது கல் ஹாமர் இல்லாத அணியுடையது, ஏழாவதும் அவர்களுடையது. ஆகவே 6–5ல் முன்னிலை வகித்து ஹாமர் இல்லாமல் ஆடுபவர், எதிரணியின் ஓரக் காவல்களைத் தொட ஏழாவது கல் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் இரண்டு புள்ளிக்கான கோட்டையைக் கட்டிவிடுவார்கள்.

ஹாமரின் மதிப்புக்கு 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதியாட்டமே போதும். 10வது எண்டில் பிரிட்டனின் ப்ரூஸ் மௌவாட் அணி ஹாமர் வைத்திருந்தும் ஒரே புள்ளிக்குள் மடக்கப்பட்டது, 4–4. கூடுதல் எண்டில் ஹாமர் ஸ்வீடனின் நிக்லாஸ் எடினுக்குப் போனது, 5–4ல் தங்கமும் அவருக்கே. பத்தாவதில் இரண்டு எடுத்திருந்தால் பிரிட்டனுக்குத் தங்கம்.

‘கடைசிக் கல் இருந்தால் மட்டும் நடுவில் வைத்துவிட முடியுமா’ என்பது நியாயமான சந்தேகம். கல் அதிகபட்சம் 19.96 கிலோ, தரையில் படுவது அடியில் இருக்கும் சில மில்லிமீட்டர் அகல வளையம் மட்டுமே. பனியும் கண்ணாடி போல வழவழப்பாக இருக்காது. உப்பு நீக்கிய வெந்நீரைப் பூவாளி போன்ற தலையால் துளித்துளியாகத் தெளித்து உறைய வைத்து, முனைகளைப் பிளேடால் சீவியிருப்பார்கள். அந்தப் பனிப் பொட்டுகளின் தலைமேல்தான் கல் போகிறது. எல்லோரும் ஆடும் பாதையில் பொட்டு தேய்ந்து வேகம் கூடும், யாரும் போகாத ஓரத்தில் ஈரப்பதம் உறைபனியாகப் படிந்தால் கல் சோம்பிவிடும். கல்லுக்கு முன்னால் பனியைத் தேய்த்துக்கொண்டே ஓடுபவர்களின் கையிலோ துடைப்பத்திலோ இருக்கும் கடிகாரம் இதற்குத்தான். கல்லை விடும் பக்கத்தில், பின் கோட்டிலிருந்து ஹாக் கோட்டுக்கு வரும் நேரத்தில் 0.1 வினாடி மாறினால் கல் நிற்கும் இடம் சுமார் 5, 6 அடி தள்ளிப்போகும். அந்தத் தவறைத்தான் துடைப்பவர்கள் சரிசெய்கிறார்கள். அதிலும் குறைவாக விட்ட கல்லைத்தான் நீட்ட முடியும், அதிகமாக விட்டதை நிறுத்தவே முடியாது.

குளிர்கால ஒலிம்பிக் வந்தாலே ‘வீடு பெருக்குவதுதானே, எங்க அம்மாவுக்குத் தங்கம் கொடுங்க’ என்று மீம் போடுபவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். துடைப்பத் தலையில் கரடுமுரடான துணி போட்டால் கல்லின் பாதையையே திருப்பலாம் என்று 2015ல் பெரிய சண்டை வந்து, மறு வருடமே எல்லோருக்கும் ஒரே வகைத் துணி என்று உலக அமைப்பு விதி எழுதியது. அம்மாவின் துடைப்பத்துக்கு யாராவது விதி எழுதினார்களா?

கைகுலுக்கியதற்கு வருகிறேன். எதிரணியை எட்ட மூன்று புள்ளி வேண்டும், உங்களிடம் மீதி இரண்டு கல், வட்டத்தில் உங்கள் கல் எதுவும் இல்லை என்றால் மேலே ஆட ஒன்றுமில்லை. வேண்டிய புள்ளிக்குக் கல் போதாது என்று தெரிந்தும் ஆடுவது எதிரணியை அவமதிப்பதாக இங்கே கருதப்படும், அதனால் தோற்றவரே முதலில் கை நீட்டுவார். நாக்அவுட் ஆட்டம் என்றால் ஒளிபரப்புக்காகக் குறைந்தபட்சம் இத்தனை எண்டு ஆட வேண்டும் என்று சில தொடர்களில் விதி உண்டு. அது முடிந்துவிட்டதால் கிளம்பியிருப்பார்கள்.