பிடித்த வேட்பாளரைச் சாமி மாதிரி கொண்டாடினால் யாருக்கு என்ன நஷ்டம்?

மதுரையில் ஒரு ஃபிளக்ஸ் கடையில் ஆறு வருடம் டிசைனராக இருந்தேன். நானே செய்துகொடுத்த சாமிகள் கொஞ்சநஞ்சமில்லை என்பதால் பதில் சொல்கிறேன்.

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் நடத்தை விதி வந்து பேனரெல்லாம் இறங்கிவிடும். எங்களுக்கு வேலையே அதற்கு முந்தைய மாதங்களில்தான். ஒரு சித்திரை மாதம், சீட்டு எதிர்பார்த்துக் கொண்டிருந்த ஒரு பிரமுகரின் பிறந்தநாளுக்கு ஒரு தம்பி ஆர்டர் கொடுக்க வந்தான். "அண்ணன் தங்கக்குதிரையில வரணும்ண்ணே." மதுரையில் தங்கக்குதிரையில் வருவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அழகர் உடம்பில் அண்ணன் தலையை ஒட்டி, பட்டாடையை அழித்துக் கட்சிக்கரை வேட்டியைக் கட்டிவிட்டேன். மேலே 'எங்கள் குலசாமியே' என்று வாசகம்.

நேரம் பிடித்தது சாமிக்கு இல்லை, கீழே வரிசையாக வரும் 32 முகங்களுக்கு. யார் படம் யாருக்குப் பக்கத்தில், யாருடையது அரை இஞ்சு பெரியது என்று அவர்களுக்குள் ஒரே சண்டை. ஒருவர் ஸ்கேலோடு வந்து அளந்தே பார்த்தார். மேலே இருப்பவர் கண்ணில் கீழே இருப்பவர் படவேண்டும், அவ்வளவுதான் பேனர். வேட்பாளர் வார்டுக்கு என்ன செய்வார் என்று ஒரு வரி அடிக்கச் சொல்லி அந்த ஆறு வருடத்தில் ஒருவரும் வந்ததில்லை.

நஷ்டம் என்றால் உயிர்நஷ்டமும் உண்டு. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில், கட்சிப் பிரமுகர் வீட்டுக் கல்யாண பேனர் சரிந்து ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் கீழே விழ, பின்னால் வந்த தண்ணி லாரி ஏறிவிட்டது. அன்றைக்கு எங்கள் கடையில் யாரும் அதிகம் பேசவில்லை.

அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் தலைவரைச் சாமியாக்கும் இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் எச்சரித்தார். மதத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாகலாம், அரசியலில் அது சீரழிவுக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்கும்தான் கொண்டுபோய் விடும் என்றார். அவருக்கே நம் ஊர்ப்பக்கம் சிலை வைத்து, அதைச் சுற்றிக் கம்பிக்கூண்டும் போட்டிருக்கிறோம். தலைவர்கள் பெயர் சாதிச் சண்டையில் போய் நின்றதால்தான், 1997இல் போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் வைத்திருந்த பெயர்களை அரசே எடுத்தது.

'சனங்க விவரமானவங்க, கும்பிடுவாங்க, ஓட்டை மாத்திப் போடுவாங்க' என்பார்கள். உண்மைதான். காமராஜருக்கு அவர் உயிரோடு இருக்கும்போதே, 1961இல், சென்னையில் நேரு சிலை திறந்தார். 1967இல் சொந்த ஊரான விருதுநகரிலேயே ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். ஆனால் அது ஓட்டுப் போட்டுவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போகிறவர்களின் கதை. பேனர் வைத்தவன் கதை வேறு.

நம்ம தங்கக்குதிரை அண்ணனுக்குச் சீட்டும் கிடைத்து ஜெயித்தும் விட்டார். அடுத்த ஐப்பசி மழையில் அந்தத் தம்பி தெருவில் சாக்கடை பொங்கி வீட்டுக்குள் வந்துவிட்டது. அம்மாவுக்குக் காலில் புண். கோபமாகக் கடைக்கு வந்து ஒரு கண்டனப் போஸ்டர் அடிக்கச் சொன்னான். அண்ணன் பெயரைப் போட்டு, 'எங்கே போனீர்கள்?' என்று அவன் சொல்லச் சொல்ல அடித்தேன். திரையைப் பார்த்தபடி நின்றவன், "இது அண்ணனை அவமானப்படுத்துற மாதிரி ஆயிருமேண்ணே" என்றான். பெயரை எடுத்துவிட்டு 'அதிகாரிகளே' என்று போட்டோம். அப்புறம் அதுவும் வேண்டாம் என்று, அதுவரை வேலை செய்த கூலி 50 ரூபாயை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மறுமாதம் திரும்ப வந்தான். அண்ணனுக்குப் பேரன் பிறந்திருந்தது, பத்துக்கு எட்டு சைஸ்.