எந்தப் பல்லுக்கு எந்த அடைப்பு?

கேள்வி: கடைவாய்ப் பல்லில் சொத்தை. 'வெள்ளையா, வெள்ளியா?' என்று டாக்டர் கேட்கிறார். என்ன சொல்வது?

பதில்: வெள்ளி என்று நாம் சொல்வது அமால்கம். எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். மிச்சம் வெள்ளி, வெள்ளீயம், செம்பு. நன்றாக உழைக்கும். ஆனால் தானாகப் பல்லில் ஒட்டாது, பிடிமானத்துக்காக நல்ல பல்லையும் கொஞ்சம் குடைய வேண்டும். வெள்ளை அடைப்பான காம்போசிட்டுக்குச் சொத்தையை மட்டும் எடுத்தால் போதும். அதற்கு எதிரி ஈரம். அமிலம் தடவி, கழுவி, பசை பூசி, சுமார் 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றையும் நீல விளக்கில் இறுக வைக்கிறோம். நடுவில் எச்சில் பட்டால் பிடிப்பு போச்சு, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டினால் அலுத்துக்கொள்ளாதீர்கள். ஈறுக்குக் கீழே இறங்கி, ரத்தம் கசியும் பள்ளம் என்றால் எனக்கே தயக்கம்தான். மற்றபடி என் ஓட்டு வெள்ளைக்கு.

கேள்வி: 15 வருட வெள்ளி அடைப்பு. பாதரசம் என்கிறார்களே, எடுத்துவிடலாமா?

பதில்: ஓரம் உடையாமல், அடியில் சொத்தை இல்லாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். குடைந்து எடுக்கும்போதுதான் பாதரச ஆவி கூடுதலாகக் கிளம்பும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், மருத்துவக் காரணம் இருந்தாலன்றிப் புதிதாக அமால்கம் வைக்கக் கூடாது என்றது; ஏற்கெனவே வாயில் இருப்பதைப் பிடுங்கச் சொல்லவில்லை. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சின்னக் குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புதிதாக வைக்காமல் இருப்பதே நல்லது.

கேள்வி: மகளுக்கு 5 வயது. விழப்போகிற பால் பல்லை அடைக்கணுமா?

பதில்: பின்பக்கப் பால் பற்கள் 10, 12 வயது வரை நிற்க வேண்டியவை. முன்கூட்டியே போனால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வாயைத் திறக்கவே அடம்பிடிக்கிற குழந்தைக்குக் கிளாஸ் அயனோமர் என்ற இன்னொரு வகை அடைப்பு கைகொடுக்கும்: லேசான ஈரத்தைப் பொறுக்கும், தானே ஒட்டும், ஃப்ளோரைடையும் மெல்ல விடும். சீக்கிரம் தேயும்தான். பால் பல்லுக்கு அது போதும்.

கேள்வி: அடைத்து 3 நாளாச்சு. கடித்தால் சுருக்கென்கிறது. மட்டமான பொருளோ?

பதில்: பொருளைத் திட்டாதீர்கள். அடைப்பு மயிரிழை உயரமாக இருக்கும். மரத்துப்போன வாயோடு 'சரியா இருக்கு டாக்டர்' என்று சொல்லிவிட்டு வந்திருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான். மைத்தாளைக் கடிக்கவைத்து, அழுத்தமாக மை பட்ட இடத்தைச் சற்றுத் தேய்த்தால் தீர்ந்தது. ஜில்லென்று பட்டால் கூசுவது சில வாரம் இருக்கலாம். ஆனால் தூக்கத்தில் எழுப்புகிற வலி, காப்பி குடித்து முடித்த பிறகும் நிற்காத வலி என்றால் வேர் சிகிச்சை வரை போகலாம்.

கேள்வி: கிராம்பு தைலம் போதாதா?

பதில்: வலி அடங்கும், ஓட்டை அடையாது. அப்புறம், அடைக்க வரும் நாளில் தைலப் பஞ்சோடு வராதீர்கள். அதிலுள்ள யூஜெனால், காம்போசிட்டைச் சரியாக இறுகவிடாது.