ஒரே கிளைக்கதையைப் புத்தகம், வாட்ஸ்அப், வீடியோ மூன்றுக்கும் எழுத முடியுமா?

கேள்வி இது: ‘வாசகரே முடிவெடுக்கும் கதை ஒன்று எழுதுகிறேன். அதையே அச்சிலும் வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் கொண்டுவரலாமா?’

கதையைக் கொண்டுபோகலாம், கிளைப்படத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. ட்வைனில் (கிளைக்கதை எழுதும் மென்பொருள், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெட்டி) நாற்பது ஐம்பது பெட்டி போட்டு, கோடெல்லாம் சிலந்திவலை ஆன பிறகுதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பரவாயில்லை, எல்லாரும் அங்கேதான் மாட்டுவது.

முதலில் கணக்கு. எட்டு இடத்தில் இரண்டிரண்டு வழி வைத்து, எதையும் திரும்பச் சேர்க்காவிட்டால் 511 பகுதிகள் எழுத வேண்டும். அதில் முடிவுகளே 256. ஒருமுறை படிப்பவர் பார்ப்பது 9 பகுதி மட்டும். மாறாக, பிரிந்த கிளைகள் அடுத்த தேர்வில் வந்து சேர்ந்துவிட்டால் 8 தேர்வுப் பகுதி, 16 கிளை, 3 முடிவு, ஆக 27. இந்தக் கணக்கைச் சொன்னாலே ‘அப்போ தேர்வெல்லாம் சும்மாவா?’ என்று ஒருவர் வருவார். 1967-ல் மாண்ட்ரியல் கண்காட்சியில் ஓடிய செக்கோஸ்லோவாக்கியாவின் கினோஆட்டோமாட் படத்திலும் இதேதான். அரங்கில் இருந்தவர்கள் பொத்தான் அழுத்தி வாக்களித்தார்கள். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் கதை அடுத்த தேர்வுக்கு வந்து சேர்ந்தது. சேர்வது குற்றமில்லை. சேர்ந்த பிறகு, முன்பு செய்ததை யாருமே கண்டுகொள்ளாவிட்டால்தான் வாசகர் ஏமாந்ததாக நினைப்பார். அந்த ஞாபகத்தை யார் சுமப்பது என்பதை ஒவ்வொரு ஊடகத்துக்கும் தனியாக முடிவு செய்ய வேண்டும்.

ஒரு உதாரணம். கடைசி பஸ்ஸில் ஒரு பை கிடக்கிறது. திறந்து பார்க்கலாம், அல்லது கண்டக்டரிடம் கொடுக்கலாம். இரண்டு வழியும் டிப்போவில் போய்ச் சேர்கின்றன. ‘பையைத் திறந்தியா?’ என்று அங்கே ஒருவர் கேட்கிறார்.

ட்வைனில் இது ஒரு வேரியபிள் (வாசகர் செய்ததையோ சொன்னதையோ ஞாபகம் வைக்கும் குறிப்பு), இரண்டு வரி வேலை. புத்தகத்துக்கு ஞாபகம் கிடையாது. ‘பையைத் திறந்திருந்தால் 31-க்குப் போ’ என்று எழுதினால் வாசகரின் நேர்மையை நம்ப வேண்டும். விரலைப் பழைய பக்கத்தில் செருகி வைத்துக்கொண்டு படிப்பவரிடம் அது நடக்காது. பையைத் திறக்கும் பகுதியில் ஒரு அடையாளச் சொல்லைக் கொடுத்து (‘ஊதா’ என்று குறித்துக்கொள்), டிப்போவில் அந்தச் சொல்லைக் கேட்பது மேல். ஒரு புத்தகத்துக்கு நாலைந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். பகுதிகளைக் கலைத்துப் போடுங்கள். ஒரு தேர்வின் இரண்டு விடைகளும் எதிரெதிர்ப் பக்கத்தில் வந்தால் கண் முதலில் அங்கேதான் ஓடும். எண் போடுவது கடைசி வேலை. அதுவரை பகுதிகளுக்குப் பெயர்தான். நடுவில் எண் போட்டுவிட்டு அப்புறம் ஒரு பகுதியைச் செருகினால், எங்காவது ஒரு ‘47-க்குப் போ’ தப்பாக நிற்கும், அச்சான பிறகுதான் தெரியும்.

வாட்ஸ்அப்பில் கழுத்தைப் பிடிப்பது இடம். கதையை அனுப்பும் பாட் (தானாகப் பதில் தரும் நிரல்) ஒரு செய்தியில் மூன்று பொத்தான் வைக்கலாம், ஒவ்வொன்றிலும் 20 எழுத்து. இங்கேதான் தமிழ் அடி வாங்கும். ‘காவல் நிலையத்துக்குப் போ’ என்பது நம் கண்ணுக்கு 12 எழுத்து. கம்ப்யூட்டர் புள்ளியையும் கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணும், இடைவெளியோடு 24. ‘ஸ்டேஷனுக்குப் போ’ என்றால் 16, நுழைந்துவிடும். அதையே டெலிகிராமுக்குக் கொண்டுபோனால், பொத்தானை அமுக்கும்போது பின்னால் போகும் தரவு 64 பைட்தான். ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் என்பதால் 21-க்கு மேல் தாங்காது. ஆகவே பொத்தானின் பின்னால் தமிழ் வாக்கியத்தை வைக்காமல் பகுதியின் எண்ணை வையுங்கள். அந்த எண் இன்னொன்றுக்கும் உதவும். வாசகர் மேலே தள்ளிப் போய் நேற்றைய பொத்தானை அமுக்குவார், நிச்சயம் அமுக்குவார். வந்த எண் அவர் இப்போது நிற்கும் பகுதியோடு ஒத்துப்போகாவிட்டால் இப்போதைய கேள்வியையே திரும்ப அனுப்ப வேண்டும்.

வீடியோவில் ஞாபகம் என்றால் பணம். டிப்போ காட்சியை இரண்டு தடவை எடுக்காதீர்கள். பொதுக் காட்சி ஒன்று, ‘திறந்தேன்’, ‘திறக்கலை’ என்ற பதில்களுக்கு மட்டும் தனித்தனியாக இருபது விநாடி. பொதுக் காட்சியில் பையின் ஜிப் ஃபிரேமுக்குள் வரக்கூடாது. வந்தால் ஒரு கிளைக்கு அது பொய்யாகிவிடும். சட்டைக் கறை, கைக்கட்டு எல்லாவற்றுக்கும் இதே விதி. யூடியூபின் எண்ட் ஸ்கிரீன் (அமுக்கினால் அடுத்த வீடியோவுக்குப் போகும் கட்டங்கள்) கடைசி 5 முதல் 20 விநாடிக்குள் மட்டும் வரும், அதிகபட்சம் நான்கு கட்டம். அந்த நேரத்துக்கு நடிகர் யோசிக்கிற மாதிரி சும்மா நிற்கும் ஷாட்டைப் படப்பிடிப்பிலேயே எடுத்து வையுங்கள், எடிட்டிங்கில் அது முளைக்காது. குழந்தைகளுக்கானது என்று குறித்த வீடியோவில் எண்ட் ஸ்கிரீனே வராது. சிறுவர் கதை என்றால் திட்டத்தையே மாற்ற வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு இல்லாத தொல்லை ஒன்று நமக்கு உண்டு. வாசகரின் பெயரைக் கேட்டுவாங்கிக் கதைக்குள் போடும் ஆசை. பெயரோடு ‘க்கு’ ஒட்டினால் ரவிக்குச் சரி. கமலாவுக்கு ‘வு’ வேண்டும், முருகனுக்கு ‘னு’, செல்வம் ‘செல்வத்துக்கு’ ஆக வேண்டும். வேரியபிளுக்கு அது தெரியாது, ‘செல்வம்க்கு’ என்று துப்பும். பெயரை விளியாகவோ எழுவாயாகவோ மட்டும் வையுங்கள்: ‘செல்வம், உனக்கு ஒரு கடிதம்.’ ‘நீ’ என்றே கதை சொன்னால் வினையில் ஆண், பெண் தொல்லையும் இல்லை. படர்க்கையில் வந்தான், வந்தாள் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையைக் கொடுப்பவர்கள் ‘எத்தனை முடிவு?’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள், விளம்பரத்தில் பெரிய எண் போட. கூலி மட்டும் சொல்லுக்கு இவ்வளவு என்று. கிளைகளைச் சேர்த்துச் சிக்கனமாக எழுதினால் சொல் குறையும், கூலியும் குறையும். பெட்டிகளை இணைத்துப் பார்க்கும் நாட்கள் எந்தக் கணக்கிலும் வராது. பகுதிக்கு இவ்வளவு, சோதனைக்குத் தனியாக இவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இதற்குப் பேராசை என்று பெயர் வைப்பவர்கள் வைக்கட்டும்.

எங்கே தொடங்குவது என்றால், ஞாபகம் குறைந்த ஊடகத்தில். உங்கள் மூன்றில் அது புத்தகம். 27 துண்டுச்சீட்டு வெட்டித் தரையில் பரப்புங்கள். தொடக்கச் சீட்டைத் தவிர, உள்ளே வரும் கோடு இல்லாத சீட்டு அநாதை, வெளியே போகும் கோடு இல்லாதது முடிவாகத்தான் இருக்க வேண்டும். ட்வைனைத் திறப்பது அதற்கப்புறம்.