கணக்கு சேரைக் கேளுங்க: புளியங்கொட்டையும் ஸ்கொலர்ஷிப்பும்

கேள்வி: மகன் நாலாம் வகுப்பு, அடுத்த வருசம் ஸ்கொலர்ஷிப் பரீட்சை. வாய்ப்பாடு ஏழைத் தாண்டினா முழிக்கிறான், ஆனா தாயம், கரம் போர்டுன்னா சோறு தண்ணி வேணாம். பக்கத்து காம்பரா புள்ளைக எல்லாம் டியூசன் போகுது. வெளையாட்டுல கணக்கு வரும்னு போன இதழ்ல எழுதியிருந்தீங்களே சேர், நெசமாவா இல்ல சும்மா எழுதினீங்களா?
- ஒரு அம்மா, தலவாக்கலை

சும்மா எழுதல தங்கச்சி, ஆனா பாதியை எழுதிட்டு மீதியை விட்டுட்டேன் போல. வெளையாடினா மட்டும் கணக்கு வந்துடாது. வரும்னா லயத்து இஸ்தோப்புல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுத் திண்ணையில, காலையில இருந்து அந்தி வரைக்கும் கரம் அடிக்கிற பொடியன்க பூராவும் இன்னைக்கு பேராதனையில இன்ஜினியரிங் படிச்சிக்கிட்டு இருக்கணுமே.

ஒரு வெளையாட்டு சொல்றேன், வீட்டுல செஞ்சு பாருங்க. 21 புளியங்கொட்டைய தரையில போடுங்க. ரெண்டு பேரு மாறி மாறி எடுக்கணும், ஒரு தடவைக்கு ஒன்னோ ரெண்டோ மூனோ எடுக்கலாம், கடைசிக் கொட்டைய எடுக்குறவரு தோத்தாரு. அவ்வளவுதான்.

நான் ஒரு தோட்டப் பாடசாலையில ஏழாம் வகுப்பு எடுத்தப்ப இதைத்தான் வெள்ளிக்கிழமை கடைசி பாடத்துல வெளையாடுவோம், நான் ரொம்ப மரியாதையா "நீங்க ஆரம்பிங்க"ன்னு புள்ளைகளையே முதல்ல எடுக்க விட்டு வரிசையா எல்லாரையும் தோக்கடிப்பேன், அவங்களும் சேர் பெரிய கெட்டிக்காரர்னு நெனச்சிக்கிட்டு இருந்தாங்க. அந்த வகுப்புல ஒரு புள்ள, வருசம் முழுக்க வாயே தெறக்காது, கொப்பிய வாங்கிப் பாத்தா பாதி கணக்கு பிழையா இருக்கும். மூனாவது வெள்ளிக்கிழமை அது எந்திரிச்சி வந்து எனக்கு முன்னால சம்மணம் போட்டு உக்காந்து "இன்னைக்கு நீங்க ஆரம்பிங்க சேர்"னுச்சு. எனக்கு சுருக்னு ஆயிடுச்சு. நான் ரெண்டு எடுத்தேன், அது ரெண்டு எடுத்துச்சு. நான் ஒன்னு, அது மூனு. நான் மூனு, அது ஒன்னு. கடைசியில ஒத்தக் கொட்டை என் முன்னால கெடக்குது, வகுப்பு முழுக்க கைதட்டு. எப்படிம்மான்னு கேட்டேன். "நீங்க எடுக்குறதும் நான் எடுக்குறதும் சேந்து நாலு வரணும் சேர், அஞ்சு தடவைல இருபது போயிடும், மிச்சம் ஒன்னு ஒங்களுக்கு."

மத்த ஆளுகன்னா இங்க ஒரு வெரி குட் போட்டு அனுப்பிடுவாங்க, நானும் பல வருசம் அப்படித்தான் செஞ்சேன். அன்னைக்கு என்னமோ தோனிச்சு, சரி, நாலு வரைக்கும் எடுக்கலாம்னு வச்சிக்கிட்டா யாரு ஜெயிப்பான்னு கேட்டேன். அது கூரையைப் பாத்துச்சு, கொட்டையைப் பாத்துச்சு, "இனி அஞ்சு அஞ்சா போகும், அப்பவும் மிச்சம் ஒன்னு, ரெண்டாவதா எடுக்குறவங்கதான் சேர்" அப்படின்னுச்சு. 22 கொட்டைன்னா? அதுக்கு கொஞ்ச நேரம் எடுத்துச்சு, "அப்ப நான் முதல்ல ஆரம்பிச்சு ஒன்னை எடுத்துடுவேன், நீங்க 21ல மாட்டிக்குவீங்க." வகுத்து மீதி காணுற கணக்க கொப்பியில பிழையா செஞ்ச அதே புள்ளதான் இது. கொட்டைய பல குவியலா பிரிச்சி வெளையாடுறதும் ஒன்னு இருக்கு, அதுக்கு நிம்னு பேரு, சார்ல்ஸ் பூட்டன்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் 1901ல யாரு எப்ப ஜெயிப்பான்னு அதுக்கு முழுசா விடை எழுதி வச்சிட்டாரு. ஒங்க மகனுக்கு இப்ப ஒரு குவியல் போதும்.

வாய்ப்பாட்டுக்கும் அதே கொட்டைதான். 12ஐ குடுத்து மிச்சம் விழாம நேர் வரிசையா அடுக்கச் சொல்லுங்க. ஒரே நீட்டு லயம் கட்டுவான், அப்புறம் ஆறு ஆறா ரெட்டை லயம் கட்டுவான், நாலு நாலா மூனு வரிசை வைப்பான். அடுத்து 13ஐ குடுங்க. எத்தனை தடவை கலைச்சி அடுக்கினாலும் ஒத்த லயத்துக்கு மேல வராது, அது ஏன்னு அவனே வந்து கேப்பான். கேட்டா முதன்மை எண் அன்னைக்கே படிச்சாச்சு, பேரை பொறவு சொல்லிக்கலாம். ஏழெட்டு மறந்து போச்சுன்னா அடிக்க வேணாம், ஏழஞ்சு முப்பத்தஞ்சும் ஏழுமூனு இருபத்தொன்னும் தெரியுமில்ல, வரிசைய ரெண்டா பிரிச்சி அவனே கூட்டி 56ன்னு வரட்டும்.

இன்னொன்னு. தேயிலைக் கொழுந்த நிறுத்துட்டு வந்ததும் காலை நிறுவை, பகல் நிறுவை, அந்தி நிறுவை மூனையும் அவன்கிட்ட குடுத்து கூட்டச் சொல்லுங்க, தண்ணிக்கும் சாக்குக்கும்னு எத்தனை கிலோ கழிச்சிருக்காங்கன்னும் பாக்கச் சொல்லுங்க. கணக்கும் வரும், கொழுந்து நிறுக்குற மடுவத்துல ஒங்களுக்காக கேள்வி கேக்க ஒரு ஆளும் கெடைக்கும்.

கேள்வி: வகுப்புல 41 பேர், நடுவுல சுவரே இல்லாத மண்டபம். வெளையாட்டுன்னு ஆரம்பிச்சா சத்தம், பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பாக்குறாங்க. சிலபஸும் முடியல. என்ன செய்ய சேர்?
- ஓர் இளம் ஆசிரியர், பதுளை

தம்பி, பாடம் முழுக்க வெளையாட வேணாம், பத்து நிமிசம் போதும். ரெண்டு ரெண்டு பேரா உக்கார வைங்க, சாமான் ஒன்னும் தேவையில்ல, கல்லும் சோக்கட்டியும் இருந்தா சரி. சத்தம் வரத்தான் செய்யும், அந்த டீச்சரையும் ஒரு நாள் உள்ள கூப்பிட்டு வெளையாட விடுங்க, அவங்க தோத்தா இன்னும் நல்லம்.

நான் ஒரு தடவை செஞ்ச கூத்தையும் கேளுங்க. பின்னம் படிப்பிக்க மட்டை வெட்டி, ராத்திரி முழுக்க முழிச்சிருந்து சீட்டு ஒரு கட்டு செஞ்சேன், ஜெயிக்கிறவங்களுக்கு டொஃபின்னும் சொல்லிட்டேன். அன்னைக்கு பின்னத்தைப் பத்தி ஒரு சொல்லு யாரும் பேசல, யாருக்கு எத்தனை டொஃபிங்குறது மட்டுந்தான் பேச்சு, ரெண்டு பேருக்கு சண்டை வேற. பரிசு வேணாம். யாரு ஜெயிச்சான்னு கேக்கவும் வேணாம், நீ ஏன் அதை எடுத்தேன்னு கேளுங்க, கேட்டுட்டு பேசாம நில்லுங்க. அந்த பேசாம நிக்கிறதுதான் நமக்கு பெரும் கஷ்டம், வாத்தியார் வாய் சும்மா இருக்குமா. சிலபஸ் விசயம், வருசக் கடைசியில நாலு பேரோட முடிக்கிறதும் ஒரு முடிக்கிறதான்னு நீங்களே யோசிச்சிக்கங்க.

கேள்வி: தாயத்துல தாயம் விழுறதும் பன்னெண்டு விழுறதும் ஒரே அளவு கஷ்டம்னு நான் சொல்றேன், அப்பாயி இல்லைங்குறாங்க. யாரு சரி?
- தரம் 11 மாணவன், பண்டாரவளை

அப்பாயிதான் சரி மகன், போய் கால்ல விழுந்துட்டு வாங்க. ரெண்டு பித்தளைக் கட்டையிலயும் வெறும் பக்கம், ஒன்னு, ரெண்டு, மூனுன்னு நாலு பக்கம் இருக்கு. நாலு பெருக்கல் நாலு, மொத்தம் 16 விதமா விழலாம், நிகழ்தகவு பாடத்துல நெய்யரி போடுவீங்களே, அதே மாதிரி கட்டம் போட்டு நெரப்பிப் பாருங்க. ரெண்டும் வெறுமையா விழுறது ஒரே ஒரு விதம், அதுதான் பன்னெண்டு, 1/16. தாயத்துக்கு இந்தக் கட்டை வெறுமை அந்தக் கட்டை ஒன்னு, இல்லாட்டி மாத்தி, ஆக ரெண்டு விதம், 1/8. அதிகமா விழுறது மூனுதான், அது நாலு விதத்துல விழும். ஓ எல் பரீட்சையில பிழை விடுற புள்ளைக அனேகமா அந்த "மாத்தி"யத்தான் விடுறாங்க.

கட்டை இல்லாம ஒரு பக்கம் தேச்ச புளியங்கொட்டை நாலை உருட்டினா கதையே வேற. தேச்ச பக்கமும் தேய்க்காத பக்கமும் சமமா விழும்னு யாரு சொன்னா? ஒரே கொட்டைய 100 தடவை போட்டு எத்தனை வெள்ளை விழுந்துச்சுன்னு எழுதுங்க. பாடப் புத்தகத்து பாதியும் ஒங்க பாதியும் ஒத்து வராட்டி பயப்படாதீங்க, கொட்டை பொய் சொல்லாது.

கேள்வி: சுடோகு போட்டா புள்ளைக்கு கணக்கு வருமா?
- ஒரு வாசகர், ஹட்டன்

கூட்டல் கழித்தல் வராது. 1ல இருந்து 9க்கு பதிலா ஒன்பது காய்கறி பேரை எழுதினாலும் அதே சுடோகுதான். ஆனா "இங்க இது வரவே முடியாது, அதனால அங்கதான் வரணும்"னு யோசிக்கிற பழக்கம் வரும், கேத்திர கணிதத்துல நிறுவல் எழுதுறப்ப அது கைகுடுக்கும். ஒரே விடை வரணும்னா கட்டத்துல ஆகக் கொறஞ்சது 17 எண்ணாவது முன்கூட்டி குடுத்திருக்கணும்னு 2012ல கம்ப்யூட்டர வச்சி நிரூபிச்சிருக்காங்க. பென்சிலால போடுங்க, பேனா வேணாம்.

கேள்வி: புலி, ஆடு, புல்லுக்கட்டு மூனையும் ஒவ்வொன்னா ஆத்தைக் கடத்துற கதைய பேரனுக்கு போட்டேன். அவன் மக, அதான் என் மருமக, படிக்கிற நேரத்துல வெட்டிக் கதைன்னு ஏசுறா.
- ஒரு தாத்தா, மஸ்கெலியா

ஐயா, மருமகளைத்தானே பேரனோட மகள்னு எழுதிட்டீங்க, கடிதத்துல முதல் புதிர் அதுதான், ரெண்டு தடவை படிச்சுத்தான் புரிஞ்சுச்சு! வெட்டிக் கதை இல்லைங்க. அங்க ஐரோப்பாவுல ஓநாய், ஆடு, முட்டைக்கோசுன்னு இதே கதைய 1200 வருசத்துக்கு முன்னாலயே புள்ளைகளுக்கு போட்டிருக்காங்க. ஏழு தடவை ஆத்தைக் கடந்தா முடிஞ்சிடும். அதுல புள்ளைக மாட்டுறது ஒரே எடத்துல, கொண்டு போன ஆட்டையே திருப்பிக் கொண்டு வரணும்ங்குறது யாருக்கும் லேசுல தோனாது, முன்னுக்கு போக ஒரு அடி பின்னுக்கு வைக்கிறதுன்னா மனசு ஒப்பாது. மூனு தீப்பெட்டிய குடுத்து நகத்தி நகத்தி பாக்கச் சொல்லுங்க. ரெண்டு நாள் ஆகும், மூனு நாளும் ஆகும். ஆட்டை திருப்பிக் கொண்டு வாடான்னு ஒங்களுக்கு வாய் வரைக்கும் வரும், அந்த நேரம் ஒரு வெத்தலைய மடிச்சி வாயில போட்டுக்கங்க.